அப்பாவுக்குக் கேக்குற மாதிரி ஒரு கடை

போன மாசம் தம்பிக்காரன் அக்கா பெரியவகிட்ட போன்ல ரெண்டே வார்த்தைல முடிச்சுக்கிட்டான். "வரேன்க்கா. ஆனா வீட்டுக்கு வர மாட்டேன், வெளில எங்கயாவது வெச்சுக்கோ"ன்னுட்டு டக்குனு வெச்சுட்டான்.

அம்மா போய் எட்டு மாசம். எட்டு மாசமா அவன் அப்பா மூஞ்சில முழிக்கல. வர வியாழக்கிழமை அவன் கம்பெனி அவன வேற ஊருக்கு அனுப்புது, ரெண்டு வருஷத்துக்கு. அப்பாவுக்கோ எழுபத்தாறு முடிஞ்சுடுச்சு. அந்த ரெண்டு வருஷத்த யாரு கையில எழுதி வாங்கறது? அதுதான் பெரியவளோட கவலை. போறதுக்குள்ள ரெண்டு பேரையும் ஒரு மேஜைல உக்கார வெச்சுடணும்.

வெளில எங்கயாவதுன்னு சொல்றவனுக்கு என்ன, சொல்லிட்டான். கடை தேடி அலைஞ்சது யாரு? அந்தப் போனுக்கு அப்புறம் மூணு ஞாயித்துக்கிழமை அவளுக்குத் தேடறதுலயே போச்சு.

அந்த வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா காலை டிபனும் கிடையாது, மதிய சாப்பாடும் கிடையாது. பதினோரு மணிக்கு ஒரே சாப்பாடு. அப்பா பேப்பர் அச்சடிக்கற பிரஸ்ல மெஷின்மேனா இருந்தவரு, முப்பத்தாறு வருஷம் ராத்திரி ஷிப்டு. விடிஞ்சு வந்து படுத்தா மத்த நாள்ல மத்தியானம் மூணு வரைக்கும் அசைய மாட்டாரு, ரிட்டயரானப்புறமும் அந்தப் பகல் தூக்கம் விடல. ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தரைக்கு எந்திரிச்சு, நாலு பேரும் சேந்து உக்காருவாங்க. இப்ப அதையேதான் ப்ரஞ்ச்னு பேர் வெச்சு, வாசல்ல பூச்செடி வெச்சு, ஊரெல்லாம் விக்கறாங்க. சரி, அதுலயே ஒண்ணப் பாப்போம்னு கிளம்பினா பெரியவ.

மொத கடைல ஒன்றரை மணி நேரம் வரிசை. எதுக்குன்னு பாத்தா, ஒரு ரொட்டி, அது மேல ஒரு முட்டை. ரெண்டாவது கடைல இடுப்பு உசரத்துல ஸ்டூலு. அப்பா முட்டி வலிய வெச்சுக்கிட்டு அதுல ஏறணும்னா லிப்டு ரிப்பேர் பாக்கற தம்பி வந்து லிப்டுதான் போட்டுக் குடுக்கணும். மூணாவதுல ஒரே இருட்டு. தன் வாய் எங்க இருக்குன்னு தடவிப் பாத்துச் சாப்பிடற மாதிரி. நாலாவதுல பாட்டு. பாட்டுன்னா பாட்டு இல்ல, மண்டைக்குள்ள யாரோ கடப்பாரை போடற மாதிரி.

அப்பாவுக்கு ரெண்டும் ஆகாது, இருட்டும் சத்தமும். பிரஸ்ஸு அவர் வலது காத முழுசாத் தின்னுடுச்சு. இடது காதுல மெஷின் மாட்டினா கொஞ்சம் கேக்கும், அதுவும் சுத்திவர அமைதியா இருந்தாத்தான். தட்டு சத்தம், நாற்காலி இழுக்கற சத்தம் எல்லாம் சேந்தா கழட்டி சட்டைப் பாக்கெட்ல போட்டுக்குவாரு. அப்புறம் அவருக்கு உதடுதான். பிரஸ்ல அப்படித்தான் பேசிப் பழக்கம். மெஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது, அதனால சத்தமில்லாம வாய மட்டும் அசைப்பாங்க. இந்தக் கோடில நிக்கறவரு அந்தக் கோடில நிக்கறவன் வாயப் படிச்சுக்குவாரு. ஆனா இப்ப அதுக்கு மூக்குக்கண்ணாடி வேணும், எதிராளி மூஞ்சில வெளிச்சமும் விழணும்.

அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு வேற ஒரு வித்தை தெரியும். ரகசியம் பேசணும்னா அப்பாவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கணும். பரீட்சைல கோட்டை விட்டது, கண்ணாடி டம்ளர் உடைச்சது, அம்மாகிட்ட தனியாக் காசு கேட்டது எல்லாம் அங்கதான் நடந்துச்சு. அப்பா முதுகுக்குப் பின்னாடிதான் அந்த வீட்டோட ரகசிய ரூமு. கதவு கிடையாது, தாழ்ப்பா கிடையாது, ஒரு நாளும் வெளில கசிஞ்சதும் கிடையாது.

ஏழாவது கடை வாய்ச்சுது. பெரிய ரோட்லேர்ந்து ஒரு சந்து, சந்துல மாடி. மொத்தம் ஆறு மேஜை. கடைக்காரம்மாவுக்கு ஒத்தைத் தலைவலி, அதனால பாட்டே போட மாட்டாங்க. தரைல கனத்த விரிப்பு, நாற்காலி இழுத்தாக்கூட சத்தம் வராது. ஒரு பக்கம் பூரா ஜன்னல். பெரியவ ஜன்னலப் பாத்த மாதிரி உக்காந்தா. வெளிச்சம் தன் மூஞ்சில விழுதான்னு பாத்தா. நாற்காலி உசரம் பாத்தா. ரொட்டியக் கையால அழுத்திப் பாத்தா. அவ பல்செட்டு செய்யற லேப்ல வேலை பாக்கறவ, அப்பாவோட மேல் செட்டு அவ செஞ்சதுதான், அது எத மெல்லும் எத மெல்லாதுன்னு அவளுக்குத் தெரியும்.

"யாருக்கும்மா இவ்வளவு பாக்கறீங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கா?"ன்னாங்க கடைக்காரம்மா.

"எங்கப்பாவுக்கு. மாப்பிள்ளை வீடுன்னா இவ்வளவு பாக்க மாட்டேன்," ன்னா பெரியவ. எந்திரிச்சுப் போகும்போது தனக்குப் பின்னாடி செவுத்துல மாட்டியிருந்த பெரிய நிலைக்கண்ணாடில நெத்தி முடிய ஒதுக்கிவிட்டுக்கிட்டா.

இவ்வளவும் பாத்தவ ஒண்ணு பாக்கல. அப்பா உக்காரப் போற நாற்காலில ஒரு தடவை தான் உக்காந்து பாக்கல.

அடுத்த ஞாயித்துக்கிழமை விடிஞ்சா வானம் மூடிக்கிட்டுது. பத்தரைக்கே சாயங்காலம் மாதிரி இருந்துச்சு. அப்பாவக் கையப் புடிச்சு மாடியேத்தி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்கார வெச்சா. எதிர்ல ரெண்டு நாற்காலி, அவளுக்கும் தம்பிக்கும். ஜன்னல்ல வெளிச்சமே இல்ல.

"லைட்டப் போடுங்களேன். இருக்கறது எல்லாத்தையும் போடுங்க," ன்னா.

கடைக்காரம்மா எல்லாத்தையும் போட்டாங்க. அப்பாவுக்குப் பின்னாடி, ஜன்னலோரமா, பழமும் ரொட்டியும் நாமளே எடுத்துக்கற மாதிரி ஒரு நீள மேஜை. அது மேலதான் இருக்கறதுலயே பெரிய லைட்டு.

தம்பி பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது வந்தான். முப்பத்தெட்டு வயசு, காதோரம் நரை, வேலைக்குப் போட்டுக்கற அதே பூட்ஸு. லிப்டு மெக்கானிக்கு. அப்பாவுக்கு இன்னும் பொடியன்தான்.

"வந்துட்டியா பொடியா?" அப்பா பேசறது அவருக்கே கேக்காது, அதனால கடை பூராவுக்கும் கேட்டுச்சு. மூலைல உக்காந்திருந்த ஒரே ஒரு வயசான ஜோடி திரும்பிப் பாத்துச்சு.

"வந்துட்டேம்பா."

"ஊரையே மேல ஏத்தி விடறவன் நீ. மூச்சு வாங்கப் படியேறி வந்திருக்க பாரு."

தம்பி சிரிச்ச மாதிரி வாய வெச்சுக்கிட்டான். கண்ணு அப்பா மூஞ்சிக்குப் போகல. அவர் சட்டைப் பித்தான்லயே நின்னுச்சு.

"எளைச்சுட்ட."

"வேலைப்பா."

"எட்டு மாசம் லீவே குடுக்காத வேலை."

தம்பி காபி கப்பத் தூக்கி வாய மறைச்சுக்கிட்டு ஏதோ முணுமுணுத்தான். சின்ன வயசுப் பழக்கம். வாய மறைச்சா அப்பாவுக்கு எட்டாது. பெரியவ மேஜைக்கு அடில அவன் கால மிதிச்சா. பூட்ஸு, அவனுக்கு உறைக்கவே இல்ல.

கடைக்காரம்மா முட்டை கொண்டுவந்து வெச்சாங்க. "நாலு தட்டு வெச்சிருக்கேன், இன்னும் ஒருத்தர் வரணுமா?"ன்னு கேட்டாங்க. யாரு நாலு பேர்னு சொன்னது? பெரியவதான். போன்ல இடம் சொல்லி வைக்கும்போது வாய் தானா நாலுன்னு சொல்லிடுச்சு.

அப்பா அவங்க உதட்டப் படிச்சுட்டாரு. "நாங்க நாலு பேர்தாம்மா. இப்ப மூணு. எங்க வீட்டுக்காரி போயிட்டா."

"அடப்பாவமே."

"கஷ்டப்படலம்மா. அது ஒண்ணுதான் ஆறுதல். பட்டப்பகல்ல, ஒரே நொடி. கூப்பிடக்கூட நேரமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நான் பக்கத்து ரூம்லதான் தூங்கிட்டிருந்தேன். எனக்குக் காது கேக்காதுதான். ஆனா ஒரு தடவை கட்டில் காலத் தட்டியிருந்தா, ஒரு தடவை கூப்பிட்டிருந்தா, எந்திரிச்சிருப்பேன்."

டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லல. சொன்னது பெரியவ. அவ கையால அப்பாவுக்குச் செஞ்சு குடுத்தது ரெண்டு. மேல் பல்செட்டு ஒண்ணு, இந்தக் கதை ஒண்ணு. ரெண்டுமே அவருக்கு அளவெடுத்துச் செஞ்சது. எட்டு மாசமா ரெண்டையும் வெச்சுக்கிட்டுத்தான் அவர் சாப்பிட்டாரு, தூங்கினாரு.

தம்பி ஸ்பூனக் கீழ வெச்சுட்டான்.

"வாடா, பழம் எடுத்துட்டு வரலாம்," ன்னு பெரியவ அவன் சட்டைக் கையப் புடிச்சு எழுப்பிட்டா. அப்பா ரோட்டு சத்தத்துக்குக் கழட்டின காது மெஷின் இன்னும் பாக்கெட்லயே இருக்கறதப் பாத்துட்டுத்தான் எழுந்தா. எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செய்வா.

ரெண்டு பேரும் அப்பாவுக்குப் பின்னாடி, அந்த நீள மேஜைக்கு அந்தப் பக்கம், அவர் முதுகப் பாத்த மாதிரி போய் நின்னாங்க. பழைய ரகசிய ரூமு. நாப்பது வயசு தாண்டியும் அவளுக்கு அங்க நின்னா மனசு லேசாகும்.

"மூஞ்சிய ஏன்டா இழவு வீடு மாதிரி வெச்சிருக்க?"

"முடியலக்கா."

"அரை மணி நேரம்டா. சாப்பிடு, கையப் புடி, போயிட்டு வரேம்பான்னு சொல்லு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பேன்கறாரு. கேட்டல்ல?"

"தெரியாமச் சொல்றாரு."

"கூப்பிட்டாக்கா. நாலு நிமிஷம் கூப்பிட்டா. என்னங்க, என்னங்கன்னு. நாலு நிமிஷம் நான் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அம்மா போன அன்னிக்கு அவன் ஒரு கட்டடத்துல மேல லிப்டு மெஷின் ரூம்ல நின்னுட்டிருந்தான். லிப்டுக்குள்ள மூணு பேர் மாட்டிக்கிட்டாங்க, கையால சக்கரத்தச் சுத்திச் சுத்தி மாடிக்கு ஏத்திட்டிருந்தான். அம்மா போன். நெஞ்ச அடைக்குதுடான்னா. அப்பாவ எழுப்பும்மான்னான். கூட இருந்தவன ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னான். அம்மாவால எழுந்திரிக்க முடியல, போனக் கையில வெச்சுக்கிட்டே கூப்பிட்டா. அவன் சுத்தறத விட முடியல. யாரோ மூணு பேர் பத்திரமா இறங்கிப் போயிட்டாங்க.

"அவர் மேல கோவம்னு நெனைச்சேன்க்கா. கோவம் இல்ல. அவரப் பாத்தா அந்தக் குரல் கேக்குது. அவ்வளவுதான்."

"வாய மூடு. வேற பேசு."

"அது எங்கிட்ட இருக்கு."

"எது?"

"கம்பெனி போன்ல வர்றதெல்லாம் பதிவாகும். அம்மா அதுலதான் கூப்பிட்டா. புதன்கிழமை போனத் திருப்பிக் குடுக்கணும். எத்தனையோ தடவை அழிக்கப் போனேன். கை வர மாட்டேங்குது. அம்மா கடைசியாப் பேசினதுக்கா."

பெரியவ கையில இருந்த தட்டுல பழத்த அடுக்கறத நிறுத்தல. "அழிச்சுடு. இன்னிக்கே அழி. அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அப்புறம் அவர் தூங்கவே மாட்டாருடா."

திரும்பி வந்து உக்காந்தாங்க. அப்பா ரொட்டிய மூணாப் பிச்சு, மூணு தட்டுலயும் ஒவ்வொண்ணு வெச்சிருந்தாரு. அவர் பங்கு அப்படியே இருந்துச்சு.

"ரொம்ப நேரம் ஆச்சே," ன்னாரு.

"வரிசைப்பா," ன்னா பெரியவ.

அப்பா கொஞ்ச நேரம் அவ உதட்டையே பாத்துட்டிருந்தாரு. "ஆமா. கூட்டம் ஜாஸ்திதான்."

மூலைல இருந்த ஜோடியும் அப்பவே எழுந்து போயிருந்துச்சு. கடைல இவங்க மூணு பேரத் தவிர ஈ காக்கா இல்ல. பெரியவளுக்குச் சுருக்குனு ஒண்ணு தச்சுது. என்னன்னு புரியல.

"ரொட்டி கடினமா இருக்காப்பா?"

"மெத்துனுதான் இருக்கு. நல்ல கடையாத்தான் புடிச்சிருக்க." அப்பா மெதுவா எழுந்தாரு. "கை கழுவிட்டு வரேன்."

"நான் வரேம்பா."

"கை கழுவ வழி தெரியும்."

அவர் போனதும் பாத்தா, கைக்குட்டை அவர் நாற்காலிக்கு அடில கெடந்துச்சு. பெரியவ இந்தப் பக்கம் சுத்தி வந்து, குனிஞ்சு எடுத்து, ஒரு நிமிஷம் அந்த நாற்காலிலயே உக்காந்தா. நிமிந்தா.

எதிர்ல தம்பி. தம்பி தலைக்கு மேல நிலைக்கண்ணாடி.

கண்ணாடிக்குள்ள அந்த நீள மேஜை, பழத்தட்டு, அது மேல பெரிய லைட்டு. லைட்டுக்கு அடில கடைக்காரம்மா நின்னு உள்ள யாருக்கோ சொல்லிட்டிருந்தாங்க. சத்தம் இங்க வரல. ஆனா உதடு பளிச்சுனு தெரிஞ்சுது. பால் தீந்துடுச்சு, ஒண்ணு எடுத்துட்டு வா.

பெரியவ படிச்சுட்டா. பாதி வித்தை தெரிஞ்ச அவளே படிச்சுட்டா.

இருக்கற லைட்டெல்லாம் போடுங்கன்னு சொன்னது யாரு?

"என்னக்கா, ஒரு மாதிரி ஆயிட்ட?"ன்னான் தம்பி.

கண்ணாடிக்குள்ள அப்பா வந்துட்டிருந்தாரு. ஈரக் கைய சட்டைல தொடச்சுக்கிட்டே வந்தவரு, தன் நாற்காலில அவ உக்காந்திருக்கறதப் பாத்து நின்னுட்டாரு. கண்ணாடிக்குள்ளயே ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவர் தலைய லேசா ஆட்டினாரு. ஆமாம்மான்னு சொல்ற மாதிரி.

பெரியவ எழுந்து இடம் விட்டா.

அப்பா உக்காந்தாரு. மூக்குக்கண்ணாடியக் கழட்டினாரு. மடிச்சு, தட்டுக்குப் பக்கத்துல வெச்சு, அது மேல கைய வெச்சுக்கிட்டாரு. பிள்ளைங்க ரெண்டுக்கும் அதுக்கு அர்த்தம் தெரியும். மூக்குக்கண்ணாடி இல்லாம அவருக்கு உதடு தெரியாது. அத அவர் கழட்டினா கடைய மூடியாச்சுன்னு அர்த்தம். இனிமே யாரு என்ன சொன்னாலும் அவருக்குப் போய்ச் சேராது. வேணாம்னாலும் சேராது, மன்னிச்சுக்கோங்கன்னாலும் சேராது.

தம்பி அவளப் பாத்தான். "என்னாச்சு? என்னக்கா ஆச்சு?"

அப்பா சட்டைப் பாக்கெட்லேர்ந்து காது மெஷின எடுத்தாரு. இடது காதுல வெச்சு, திருகி, சரி பண்ணினாரு. அது ஒரு தடவை கீச்சுனு கத்திட்டு அடங்குச்சு. கொஞ்ச நேரம் தலையச் சாச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கடைல என்ன கேக்குதுன்னு பாக்கறாருன்னு பெரியவளுக்குப் புரிஞ்சுது. ஒண்ணும் கேக்கல. பாட்டு இல்ல, தட்டு சத்தம் இல்ல. மூணு ஞாயித்துக்கிழமை நாயா அலைஞ்சு அவ கண்டுபுடிச்ச கடை.

அப்பா மேஜைக்குக் குறுக்க தம்பி பக்கம் உள்ளங்கைய நீட்டினாரு. அவரோட குரல் அன்னிக்குத்தான் மொத மொதலா சின்னதா வந்துச்சு.

"போனக் குடு பொடியா. நாலு நிமிஷத்தையும் நான் கேக்கணும்."